யூசுப் நின்ற பக்கம்

யாராவது என்னிடம் பேய்க் கதை ஆரம்பித்தால், அந்த வீட்டில் எர்த் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்களா என்றுதான் முதலில் கேட்பேன். கிண்டல் இல்லை, எலெக்ட்ரீஷியன் புத்தி அது. திருப்போரூரில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் சுவர் ஆளைப் பிடித்து உலுக்குகிறது என்று மந்திரித்துத் தாயத்தெல்லாம் கட்டினார்கள், நான் போய்ப் பார்த்தால் சுவிட்ச் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் நடுவில் சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் வீடியோ கேம் ஹால் இருந்தது. மெஷின்கள் ரிசார்ட்டுடையவை இல்லை, மெட்ராஸ் கம்பெனி ஒன்று கொண்டுவந்து வைத்தவை, நான் அந்தக் கம்பெனி ஆள். டோக்கன் கொடுப்பதும் நான்தான், மெஷின் மக்கர் பண்ணினால் பிரித்துப் போடுவதும் நான்தான். உப்புக் காற்று பாருங்கள், எதைத் திறந்தாலும் உள்ளே துரு, அடிக்கடி சுவிட்ச் மாற்றாவிட்டால் ஓடாது.

என் தம்பி செந்தில் அப்போது ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரே கூட்டாளி, கோவளம் யூசுப். மத்தியானம் ஹால் காலியாகக் கிடக்கும் நேரம் பார்த்து இரண்டு பேரும் வந்து நிற்பார்கள், நானும் போனால் போகிறது என்று ஓசியில் விடுவேன். மூலையில் ஒரு சண்டை மெஷின் இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு குச்சியைப் பிடித்து ஆட்டி, திரையில் இருக்கிற பொம்மைகளை மோத விட வேண்டும். வலது பக்கம் செந்தில், இடது பக்கம் யூசுப், மாறி நின்று நான் பார்த்ததே இல்லை. யூசுப்பிடம் ஒரு சேட்டை உண்டு. ஆட்டம் தொடங்கினால் அடிக்கவே மாட்டான், தன் பொம்மையைப் பின்னாலேயே குதிக்க விட்டு மூலைக்குக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து தோப்புக்கரணம் போட வைப்பான்.

"டேய் மச்சான், சண்ட போட்றா! இன்னாடா சாமி கும்புட்டுகினு கீற!" என்று செந்தில் கத்துவான். யூசுப் விழுந்து விழுந்து சிரிப்பான். நல்ல பையன்.

அந்த மழைக்காலத்தில் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் ரோட்டில், உப்பளம் பக்கமாக, இவர்கள் பைக்குக்குக் குறுக்கே ஓர் எருமை வந்துவிட்டது. ஓட்டியவன் செந்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவன் யூசுப். செந்திலுக்குக் கை முறிந்ததோடு போயிற்று, யூசுப் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்த யூசுப்பின் அத்தா, செந்திலின் தலையைத் தடவிக்கொடுத்து, "நீ இன்னாப்பா பண்ணுவ, அல்லா கூப்ட்டுகினான்" என்றார். அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம். தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினான், அம்மா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே அலைவாள், அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தனியாக விட்டால் ஏதாவது செய்துகொள்வானோ என்று எனக்குப் பயம். கைக்கட்டு பிரித்ததும் என்னோடு ஹாலுக்கே கூட்டிப் போனேன்.

அவன் நேராகப் போய் அந்த மூலை மெஷினில், வலது பக்கம் நின்றான். ஒரே ஆள் ஆடினால் எதிராளியை மெஷினே ஆட்டிக்கொள்ளும், அதனால் நானும் ஏதோ பொழுது போகட்டும் என்று டோக்கனைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், ரிசார்ட்டுக்காரர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்த நேரம், "டேய் மச்சான், சண்ட போட்றா!" என்று குரல் கேட்டது. தம்பி குரல்! எத்தனை நாளைக்குப் பிறகு! ஓடிப் போய்ப் பார்த்தால், திரையின் மூலையில் எதிராளி உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறான்.

மெஷின் ஆட்டுகிற எதிராளி அப்படிச் செய்யமாட்டான் சார். அது அடிக்கத்தான் வரும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரி, குச்சிக்கு அடியில் இருக்கிற சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று திறந்து புதுசு மாற்றினேன். மறுநாளும் தோப்புக்கரணம். எனக்கு எரிச்சலாகிவிட்டது. இடது பக்கத்துக் குச்சி, பட்டன், எல்லாவற்றுக்கும் போகிற வயரையே கழற்றி டேப் சுற்றி ஓரமாக வைத்தேன். இனிமேல் அந்தப் பக்கத்தை யார் எப்படி ஆட்டினாலும் மெஷினுக்குத் தெரியாது. இது என் தொழில், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அடுத்த மத்தியானம் தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டு அவன் பின்னால் போய் நின்றேன். திரையில் அதே தோப்புக்கரணம், இடது பக்கத்துக் குச்சி கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஜன்னலில் நல்ல வெயில், குச்சி மட்டும் கீழே, மேலே, கீழே, மேலே. செந்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஏன் கத்தவில்லை, ஏன் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று கேட்டால், அவன் சிரித்தான், அதுதான். அன்றைக்கு வீட்டில் சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வயரைத் திரும்பச் சேர்க்கவும் இல்லை, யாரிடமும் மூச்சு விடவும் இல்லை.

இது நல்லதா கெட்டதா என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அந்த மூலையில்தான் அவனுக்கு உயிர் இருந்தது. வெளியே வந்தால் பழைய கல். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகமாட்டேன் என்றுவிட்டான்.

இப்படி இருக்கும்போது மெட்ராஸ் கம்பெனி ஹாலை மூட முடிவு செய்தது. வீட்டு டிவியிலேயே கேம் வந்துவிட்டது, எவன் டோக்கன் வாங்குவான்? மேனேஜர் இரண்டு கூலியாட்களோடு வேனில் வந்து இறங்கினார், எல்லாவற்றையும் உடைக்க வேண்டும் என்றார்.

"சார், அந்தச் சண்ட மெஷின மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. சம்பளத்துல புடிச்சிக்குங்க" என்றேன்.

"அது ஆவாதுப்பா. உனக்குக் குடுத்தா நாளைக்கு அதவச்சி நீ ஒரு கட போடுவ, நம்ம மத்த ஹாலுக்கே போட்டி. எவன் கொழந்தைக்காவது ஷாக் அடிச்சா கம்பெனி பேரத்தான் சொல்லுவான். அதுவுமில்லாம வெளிநாட்லருந்து வரும்போதே கை மாத்தக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுதான் வந்துகீது. ஒடச்சி போட்டோ புடிச்சி அனுப்பணும். நல்லா ஓடுறத ஒடைக்கறது எனக்கும் பேஜாராத்தான் கீது, இன்னா பண்றது?"

மனசுக்குள் அவரைக் கண்டபடி திட்டினேன். பிறகு பல நாள் யோசித்ததில் அவர் சொன்னது புரிந்தது. நம்மிடம் இருந்த பொருள் இன்னொருவர் வீட்டில் போய் என்னென்ன செய்யுமோ, அதற்கெல்லாம் நாம் பதில் சொல்ல வேண்டி வருமோ என்கிற பயம்தான் உடைக்கச் சொல்கிறது. உடைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

அன்று மாலை தம்பியிடம் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் ஒரு டெம்போ வைத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன். மறுநாள், மற்ற மெஷின்களை எல்லாம் கூலியாட்கள் உடைத்து முடித்த நேரம், அவன் ஹாலுக்குள் வந்து என் முன்னால் கையை நீட்டினான்.

"சுத்தியலக் குடுணா. நான் ஒடைக்கறேன்."

"இன்னாடா பேசற? நான்தான் எடுத்துனு வரேன்னு சொன்னன்ல?"

"வூட்டுக்கு எடுத்துனு வந்தா நான் சாவற வரைக்கும் ஆடிக்கினே இருப்பேன்ணா. அவனும் நின்னுகினே இருப்பான். பாவம்ணா அவன், போவட்டும்."

சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். குச்சி ஆடியது அவனுக்கும் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வலது பக்கத்துக் குச்சி, பட்டன், பலகை என்று ஓங்கி ஓங்கி அடித்தான், முகமெல்லாம் கண்ணீர். பாதியில் நின்றுவிட்டான். சுத்தியலைக் கீழே போட்டான்.

"அவன் பக்கத்த நான் ஒடைக்க மாட்டேன்ணா. ஒரு தபா போதும்" என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் நடந்துபோனான்.

மேனேஜருக்கு இதெல்லாம் என்ன தெரியும், பசி நேரம், மீதியைச் சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு, பூட்டாமல்தான், உடைந்த சாமானை யார் எடுக்கப்போகிறார்கள், நான், மேனேஜர், கூலியாட்கள் எல்லோரும் வேனில் மாமல்லபுரம் போனோம். அந்த இடது பக்கத்தில் நான் எப்படிக் கை வைப்பேன் என்பதே நினைப்பு. திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால், அந்தப் பக்கமும் தூள்தூளாகக் கிடந்தது. செந்தில் அடித்த பக்கத்தில் பலகை உள்ளே சரிந்திருந்தது, இந்தப் பக்கத்தில் வெளியே விழுந்திருந்தது. நாங்கள் போன பிறகு தம்பியே மனசைத் தேற்றிக்கொண்டு வந்து, மெஷினின் பின்கதவைத் திறந்து உள்ளிருந்து உதைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டார். கரையிலிருந்து திரும்பி வந்த செந்தில் வாசலில் நின்று அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு தம்பி தேறினான். யூசுப் வீட்டுக்குப் போய் அவன் அத்தா மடியில் விழுந்து அழுதுவிட்டு வந்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் ஆயிற்று. இப்போது நாவலூர் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறான்.

போன வருஷம் திருப்போரூர் கோயிலில் அவன் மகளுக்குக் காது குத்தினோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றான்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்ணா. அன்னிக்கு அவன் பக்கத்த நீ ஒடச்சியே. அத நீ செய்யலன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்ணா."

வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இன்னாணா அப்படிப் பாக்கற?"

"ஒன்னுமில்லடா. பாப்பா அழுவுது பாரு, போ" என்றேன்.

நான் உடைக்கவில்லையடா என்று சொல்லிவிடலாம். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் சொன்னால் அடுத்து அவன் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். தன் பக்கத்தைத் தானே உடைத்துக்கொண்டு போனானே யூசுப், அது தம்பியை மன்னித்துவிட்டா, இல்லை தம்பியே தன்னைப் போகச் சொல்லிவிட்டான் என்கிற கோபத்திலா? அதற்கு நான் என்ன பதில் சொல்ல, நீங்களே சொல்லுங்கள்.