மூடி திறந்திருந்தால் பேசமாட்டார்

“...அதான் அண்ணாத்தே, குழா மூடியத் தொறந்தா நான் வாயத் தொறக்கவே மாட்டேன். எச்சி தெறிச்சா கிருமி பூந்துகினு சீரம் கலங்கிப்பூடும். போன தபா உங்களுத எவனோ பேசிகினே தொறந்துக்கீறான்” என்றார், அம்பத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த அந்த மனிதர்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு மஞ்சள் காமாலை. எந்த வைரஸ் என்று பார்க்க, வேறோர் இடத்தில் எடுத்து நகரத்துக்கு அனுப்பிய சீரம் கெட்டுப்போய்விட்டது. மனைவி அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தோடு மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. உறைந்த ரத்தத்தின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரான சீரத்தை உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்றும்வரை மூச்சுகூடக் கேட்கவில்லை. மூடியைப் போட்டதும் கள்ளிக்குப்பத்துச் சாக்கடை, காலை ரயிலின் நெரிசல் என்று விட்ட இடத்திலிருந்து கொட்டினார். அடுத்த குழாயைத் திறந்ததும் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார்.

என்னுடையதும் சேர்ந்து எல்லாக் குழாய்களும் ஐஸ் பெட்டிக்குள் போயின.

“இந்தத் தபா கெடாது. தைரியமா ஊட்டுக்குப் போ” என்றார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. “இவ்ளோ பேசுறீங்களே, வீட்ல அண்ணி காது என்னத்துக்கு ஆவும்?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு காலிக் குழாயை எடுத்தார். அதன் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.