மாலு பாண் சபை

எங்கள் சபைக்குப் பெயர் இல்லை. மறதியில் விட்டுப்போன காரியம் அல்ல இது. அம்மப்பா ஆட்களின் காலத்திலேயே கூடிக் கதைத்து, பெயர் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். பெயர் வைத்தால் நாங்களும் இன்னொரு பிரிவாகிவிடுவோம், கிறிஸ்தவர்கள் என்ற பெயரே போதும் என்பது அவர்களுடைய எண்ணம். யாராவது கேட்டால் "நாங்கள் கூடுகிறவர்கள்" என்று சொல்லிவிட்டுப் புன்னகைப்பார்களாம்.

கேட்டவர்களுக்கு அது போதவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு முன்னறையில் கூடிய நாட்களில், எங்கள் பெண்கள் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் "முக்காட்டு வேதம்" என்றார்கள். பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, ரயில் பாதைக்கு அப்பால் கடலில் ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கியதும் "கடல் முழுக்குக்காரர்" ஆனோம். ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் கையைக் காட்டிக் கூச்சல் போடுவார்கள். பம்பலப்பிட்டியில் நான் படித்த காலத்தில், தோடு போடாததால் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் "மொட்டைக் காது". எனக்கு அப்போது அழுகை வரும். அம்மாவுக்கோ சிரிப்பு வரும். "எங்கட காலத்தில முக்காடு எண்டாங்கள். இப்ப காதுக்கு இறங்கியிருக்கினம். இன்னும் கொஞ்ச நாளில கழுத்துக்கு வருவினம்" என்பார்.

கழுத்துக்கு வரவில்லை, வயிற்றுக்கு வந்தது. அது எனக்குத் தெரியவந்தது என் மச்சாளால்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். தாய் இல்லாத தம்பியை அவர்தான் வளர்த்தார். தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தான்தான் ஞானத்தாய் என்று எங்கள் கலியாணத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தவர். எங்கள் சபையில் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஞானத்தாயும் இல்லை. பிள்ளையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஒரு ஜெபம், அவ்வளவுதான். மகள் பிறந்ததும் இதை மச்சாளுக்கு விளங்கப்படுத்தினேன். என்ன சொற்களில் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்ப்பேன். இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அவர் கோபப்படவில்லை. "அப்ப எனக்கு அங்க வேலை இல்லை" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது குறைந்தது. தம்பியிடம் கதைக்கும்போது எங்களை "அவளின்ட அல்லேலூயாக் கூட்டம்" என்றார். நாங்கள் கை தட்டுவதுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாடுகிற ஆட்கள்.

ஒப்புக்கொடுத்தலுக்கு நாள் குறித்ததும், எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று மச்சாளை ஃபோனில் அழைத்தேன்.

"சரி, வாறன். கோயிலின்ட பேரைச் சொல்லும். என்ட மகள் ஃபோனில பாத்துத் தருவாள்."

"பேர்... பிறகு சொல்லுறன் மச்சாள்."

"என்ன பிள்ளை, பேரும் தெரியாமலே போறனீர்?"

ஃபோனை வைத்துவிட்டு, வரைபடத்தில் எங்கள் கூடத்து ஒழுங்கையை, அந்தக் குறுகிய தெருவை, பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் கூடம் இருக்கும் இடத்தில் ஒரு பெயர் இருந்தது. மாலு பாண் சபை. கீழே ஒரு தட்டு நிறைய மாலு பாணின் படம். ஐந்து நட்சத்திரம். "ஞாயிறு பத்தரைக்குப் பிறகு போனால் சூடாகக் கிடைக்கும்" என்று யாரோ சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்.

எழுதியது ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தெஹிவளை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பதற்காக, ஆராதனை முடிந்ததும் எங்களுக்குத் தேநீரும் மாலு பாணும் உண்டு. மீன் கறி வைத்துச் சுட்ட அந்த முக்கோணப் பாணில் மிஞ்சியதை, வாராவாரம் பாண் கொண்டுவரும் அன்ரி ஒருவர் தட்டோடு ஓட்டோக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவார். பல வருடப் பழக்கம். அதற்கு இப்படி ஒரு நன்றிக்கடன் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

மச்சாள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தம்பியின் பிள்ளையைச் சாப்பாட்டுக் கடையில் ஒப்புக்கொடுக்கிறார்கள் என்றுதானே?

அந்த ஞாயிறு தேநீர் நேரத்தில் ஃபோனை மூத்தவர்களிடம் காட்டினேன்.

"இதை மாத்தத்தான் வேணும்" என்றார் மூத்த அங்கிள், கையில் ஒரு மாலு பாணோடு.

"மாத்திறதெண்டா வேற பேர் குடுக்கவேணும் அங்கிள்."

"பேர் வைக்கேலாது. ஐயா ஆக்கள் அதில எவ்வளவு கவனமா இருந்தவை."

"அப்ப மாலு பாணை நிப்பாட்டுவம்" என்று சபைத் தம்பி ஒருவன் சொன்னான்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த அன்ரி நிமிர்ந்து பார்த்தார். "யார் நிப்பாட்டுறது? முக்காடெண்டு சொல்லேக்க முக்காட்டை எடுத்தனாங்களே?"

அதற்கு மேல் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் என்னிடமே பொறுப்பு வந்தது. "நீர் படிச்ச பிள்ளை. பாத்து ஏதாவது போடும். ஆனா பேர் மாதிரி இருக்கக்கூடாது."

பேர் மாதிரி இல்லாத ஒரு பேருக்காக அந்தக் கிழமை முழுவதும் மண்டையைக் குழப்பினேன். மகளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வேறு. "கிறிஸ்தவர்கள் கூடும் மண்டபம்" என்று யோசித்தபோது, "மண்டபம் எண்டா கலியாணத்துக்கு வாடகை கேட்டு வருவினம்" என்றார் கணவர். "கிறிஸ்தவர்கள் கூடும் இடம்" என்று போட்டேன். இரண்டொரு நாளில் பெயர் மாறிவிட்டது. மச்சாளுக்கு ஃபோன் எடுத்து, ஒழுங்கையின் பெயரையும் அதையும் நிமிர்ந்த குரலில் சொன்னேன். கணவர் தான் போய்க் கூட்டிவருவதாகச் சொன்னதற்கு, "நான் என்ன சின்னப் பிள்ளையே? பஸ்ஸில வந்து ஓட்டோ பிடிப்பன்" என்றார்.

ஞாயிறு காலை பாட்டுத் தொடங்கிவிட்டது. மச்சாளைக் காணவில்லை. வரமாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. அழைத்ததே பிழையோ என்று இன்னொரு மனம். மடியில் மகள் சிணுங்க, பையில் ஃபோன் நடுங்கியது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

"பிள்ளை, நான் வெள்ளவத்தையில ஓட்டோவுக்குள்ள இருக்கிறன். ஒழுங்கையின்ட பேர் மறந்துபோச்சு. கிறிஸ்தவர்கள் கூடுற இடம் எண்டு சொன்னா, இவன் கோயில் கோயிலாக் காட்டுறான். எல்லாத்திலயும் கிறிஸ்தவர்கள்தானே கூடினம்! நான் திரும்பிப் போறன். பரவாயில்லை."

அந்தப் பரவாயில்லையில் இருந்த களைப்பு எனக்குத் தெரியும். இன்று திரும்பினால் இனி வரமாட்டார். பதற்றத்தில் ஒழுங்கையின் பெயர் எனக்கும் வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று. மேலே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மச்சாள், அவரிட்ட... மாலு பாண் சபை எண்டு கேட்டுப் பாருங்கோ."

"என்ன சபை?"

"மாலு பாண்."

மச்சாள் சாரதியிடம் சிங்களத்தில் கேட்பது காதில் விழுந்தது. "மல்லி, மாலு பாண் பள்ளிய தன்னவத?" தம்பி, மாலு பாண் கோயில் தெரியுமா என்று.

"ஆ! ஏக்க கலின் கியன்ன எப்பாயே!" அதை முதலே சொல்லியிருக்கக்கூடாதா என்கிறான். ஓட்டோ உறுமிக் கிளம்பியது. ஃபோன் நின்றது.

வரும் தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் மச்சாள் வந்து இறங்க நேரமானது. படியின் கீழே நின்று எல்லா மன்னிப்பு வாக்கியங்களையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினார். பேக்கரிப் பெட்டி. மீன் கறி வாசம் ஒழுங்கை முழுவதும்.

"முதலே சொல்லியிருந்தா கொட்டாஞ்சேனையிலேயே நல்லதா வாங்கியிருப்பன். இஞ்ச விலையும் கூட" என்றார்.

"என்ன மச்சாள் இது?"

"உங்கட நேர்த்திதானே? எங்கட கோயிலில செவ்வாய்க்கிழமை நேர்த்திக்குப் பாண் குடுக்கிறம். நீங்கள் மாலு பாண். பிள்ளைக்கு நல்ல காரியம் நடக்கேக்க வெறும் கையோட வாறதே?"

வேண்டுதலுக்காக நேர்த்தி வைப்பது எங்களிடம் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன். மகள் அதற்குள் மச்சாளின் பக்கம் தாவிவிட்டாள். பெட்டி என் கைக்கும் பிள்ளை அவர் கைக்கும் மாறின. மேலே வாசலில் பெண்களின் முக்காடுகளைப் பார்த்ததும் மச்சாள் தன் கைப்பையிலிருந்து கறுப்பு வலைத்துணி ஒன்றை எடுத்தார். "எங்கட அம்மா ஆக்களும் போட்டவை. இப்ப ஒருத்தரும் போடுறேல்ல" என்று சொல்லித் தலையில் போட்டுக்கொண்டார்.

ஜெபத்துக்குக் குடும்பத்தைக் கூப்பிட்டபோது நான் கையை நீட்டினேன். மகள் வர மறுத்தாள். மூத்த அங்கிள் காத்திருந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இருக்கிற கையிலேயே இருக்கட்டும்" என்றார். அப்படியே மச்சாளின் கையில் இருந்த பிள்ளைக்காக ஜெபம் பண்ணினார். ஆமேன் என்றதும் மச்சாள் பிள்ளையின் நெற்றியிலும் தன் நெற்றியிலும் சிலுவை போட்டார். எங்கள் கூடத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஓரக்கண்ணால் சுற்றிப் பார்த்தேன். அங்கிள் கண்ணை மூடியே வைத்திருந்தார். வேண்டுமென்றே மூடி வைத்திருந்தாரா, தற்செயலா, தெரியாது.

தேநீர் நேரத்தில் இரண்டு பெட்டி மாலு பாண். ஓட்டோக்காரர்களுக்கு அன்று தட்டுப் போதவில்லை, பெட்டியோடு போனது. மச்சாளைக் கொண்டுவந்த சாரதி கையை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போன கணவர், மச்சாள் தங்கையோடு ஃபோனில் கதைத்ததைக் கேட்டிருக்கிறார். அல்லேலூயாக் கூட்டம் என்ற சொல் வரவில்லையாம். "மாலு பாண் ஆக்கள். நல்ல அமைதியான சனம். பிள்ளையை நான்தான் வைச்சிருந்தனான்" என்றாராம். வரைபடத்திலும் பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது. யாருடைய வேலை என்று தெரியவில்லை. மறுபடி மாற்றலாமா என்று திறந்து பார்த்தேன், மூடினேன். பிறகு மறுபடியும் திறந்து பார்த்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் ஃபோன் எடுத்தார்.

"நாளைக்கும் நானே பாண் கொண்டு வரவோ, இல்லாட்டி இந்த முறை வேற ஆளின்ட நேர்த்தியோ?"

இப்போதாவது விளங்கப்படுத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நீங்களே கொண்டு வாங்கோ மச்சாள்" என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் தேநீர் அன்ரிக்கு என்ன சொல்வது என்ற கவலை வந்தது.