எதிர்ப் பக்கத்துப் போல்ட்டுகள்

ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சொட்டு’. எங்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயடியைத்தான் எட்டிப்பார்ப்பார். அப்படி ஒரு கிறுக்கு.

அவருடைய அக்காவின் வீட்டுக்காரரான மச்சானும் அவரும் நீராவிக் குழாய்களை இணைக்கும் ஃபிட்டர்கள். குழாய் முனைகளில் உள்ள ஃபிளாஞ்ச் என்ற வட்டத் தட்டுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தை வைத்து, எதிரும் புதிருமாக நின்று, இவர் ஒரு போல்ட், அவர் ஒரு போல்ட் என்று கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே வருவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி ஒழுகிவிடும். இவர்கள் போட்ட இணைப்பு ஒழுகியதாகச் சரித்திரமே இல்லை.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து மச்சானுக்குக் கை நடுங்கியது. இது மேலே தெரிந்தால் வேலை போய்விடுமே என்று சொட்டு பயந்தார். அன்று மச்சான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மச்சான் தன் பங்கு என்று சாக்பீஸால் குறி போட்டிருந்த போல்ட்டுகளை எல்லாம் சொட்டு இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கிவிட்டார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. இல்லாவிட்டால் தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது?

குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது மச்சான் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. பிரித்துப் பார்த்தால் கேஸ்கெட் சப்பையாகி, கிழிந்து கிடந்தது.

“இந்தப் பக்கம் முறுக்கினது யாரு?” என்றார் மேற்பார்வையாளர்.

மச்சான் கேஸ்கெட்டைப் பார்த்தார். சொட்டுவின் முகத்தையும் பார்த்தார். “நான்தான் சார். இப்பல்லாம் கை சொன்ன பேச்சு கேக்கல. இனிமே வரல சார்” என்று ஸ்பானரைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் சொட்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

“மச்சான், அது வந்து... நான்தான்...”

“தெரியும் மாப்ள. கை நடுங்குறவன் முறுக்கினா தளர்ந்துதான் இருக்கும். இப்படி நசுங்காது.”

“அப்புறம் ஏன் ஏத்துக்கிட்டீங்க? நாளைக்கே நான் போய்ச் சொல்லிடறேன். நீங்க வாங்க.”

“வேண்டாம்பா. மத்தவங்க என் கையைச் சந்தேகப்பட்டா பட்டுட்டுப் போகட்டும். எதிர்ல நிக்கிற நீயே நம்பலேன்னா, நான் அங்க வந்து என்ன செய்ய?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அக்கா நீட்டிய தண்ணீரை வாங்கவும் தெம்பில்லாமல், வாசற்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

வேலைக்கு மட்டும் அதன் பிறகு வரவே இல்லை.