வெறும் பெயரைப் போட்டாலும்

விடுதி வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை அண்ணன் தன் கையாலேயே எழுதினான். செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் நான்கு அறைகளை யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விட்டு அவனும் அண்ணியும் பிழைத்தார்கள். நீல வண்ணத்தில் விடுதியின் பெயர், அதன் கீழே இணையதள முகவரி. தன் பெயரில் பாதியையும் அண்ணியின் பெயரில் பாதியையும் ஒட்டி அவன் உண்டாக்கிய பெயர் அது. வெளியாருக்கு ஒன்றும் புரியாது. தளம் அமைக்கும்போது, முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ வைப்பதா, வெறும் பெயரே போதுமா என்று கேள்வி வந்தது. "வூட்டுக்குப் பேரு இருந்தா பத்தாதா? முன்னாடி எதுக்கு மூணு டபிள்யூ?" என்று சிரித்தான். அப்போதெல்லாம் அவன் நிறையச் சிரிப்பான்.

பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. தூக்கம் போயிற்று. அறையைத் துடைக்கப் போனவன் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருப்பான். வேலூருக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரைகளைக் கொஞ்ச நாள் விழுங்கினான், பிறகு விட்டுவிட்டான். ஒரு பௌர்ணமி காலையில் "மலைய சுத்திட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவன் திரும்பவில்லை. கைபேசி மேசை மேலேயே கிடந்தது.

கிரிவலப் பாதையில் நானும் அண்ணியும் தேடாத இடமில்லை. அடி அண்ணாமலையில் கடை கடையாகப் படத்தைக் காட்டினோம். அன்னதான வரிசைகளில் உட்கார்ந்திருந்த காவி வேட்டிக்காரர்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தோம். தாடி வளர்ந்த எல்லா முகமும் ஒரு கணம் அவன் முகமாகவே தோன்றும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். இந்த ஊருக்கு வீட்டை விட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இங்கிருந்து காணாமல் போனவனை எங்கே போய்த் தேடுவது?

அண்ணி விடுதியை மூடவில்லை. "அவருக்கு எந்த போன் நம்பரும் ஞாபகம் நிக்காது. அவரு வச்ச பேரு மட்டும் மறக்காது. எங்க இருந்தாலும் அதப் போட்டுப் பாப்பாரு" என்பாள். தளத்தின் முதல் பக்கத்தில் வாசல் கதவின் படத்தையும் தன் எண்ணையும் வைத்தாள். வேங்கிக்காலில் அலுவலக வேலை முடிந்து மாலையில் நான் போகும்போதெல்லாம், யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் கேட்பாள்.

இரண்டாம் வருடம் தளத்தைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. மாற்றிக் கொடுத்தவர் நல்லவர்தான். மூன்று டபிள்யூவோடு வைத்தால் பிற்பாடு சர்வர் மாற்றுவது சுலபம் என்றார், அண்ணியும் தலையாட்டினாள். அதன்பின் தளம் நன்றாகவே ஓடியது, விருந்தினர்களும் வந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. வருடாவருடம் வரும் பெங்களூர்க்காரர் ஒருவர் பையை இறக்கி வைத்தபடி சொன்னார்: "போர்டுல இருக்கிற பேரைத்தான் போட்டேன், சைட்டே தொறக்கல. மூடிட்டீங்களோன்னு நெனச்சேன்."

அண்ணியின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அங்கேயே கைபேசியில் வெறும் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதுவேதான்.

மாற்றிக் கொடுத்தவரை அழைத்தோம். "அக்கா, இப்பல்லாம் யாரும் அட்ரஸ் போட்டு வர்றதில்ல, தேடித்தான் வர்றாங்க. வெறும் பேரு பழைய சர்வரையே காட்டிக்கினு இருக்குது. அத மூடிட்டாங்க, அதான்" என்றார்.

"எதுல வேணா வைங்க தம்பி, எனக்கு அது தெரியாது. வெறும் பேரப் போட்டாலும் தொறக்கணும். ஒண்ணுல வந்தா இன்னொண்ணுல கொண்டுபோய் வுடுங்க. இன்னிக்கே வேணும்!" அண்ணி கத்தி நான் கேட்டது அன்றுதான். அவர் மாலைக்குள் சரிசெய்துவிட்டார். ஆனால் அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "இத்தினி மாசத்துல ஒருவாட்டி போட்டுப் பாத்திருந்தா? இல்லன்னு நெனச்சிருப்பாரேம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரத்தில் வடக்கேயிருந்து ஓர் அழைப்பு வந்தது. தெருவில் திரியும் மனநோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம். பேசியவள் அங்கே புதிதாகச் சேர்ந்த நர்ஸ், கேரளத்துப் பெண். யாரோடும் பேசாத ஒருவர் இருக்கிறார், அவருடைய பழைய தாள்களில் இந்தப் பெயர் இருந்தது, போட்டுப் பார்த்தேன், ஒரு கதவின் படம் வந்தது, காட்டினேன், அழுகிறார் என்றாள்.

இரண்டு ரயில் மாறிப் போனோம். அண்ணன் பாதியாகியிருந்தான். தலை நரைத்திருந்தது, முன்பற்கள் இல்லை. அங்கிருந்த வயதான ஊழியர் இந்தியில் சொன்னதை நர்ஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். வந்த புதிதில் ஊர் எது என்று கேட்டால் அந்தப் பெயரை எழுதிக் காட்டுவானாம், ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் செய்வானாம். அவர்கள் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று அவனிடமே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் எழுதுவதை நிறுத்தினான். பேச்சும் நின்றது.

அண்ணி அழவில்லை. அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வூடு இருக்குதுங்க. எங்கயும் போவல. அவங்களுக்குத் தொறக்கல, அவ்ளோதான். வூடு அங்கயே இருக்குது" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணன் ஊரில் இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், மாடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் பேசவில்லை. அண்ணி தினமும் காலையில் பால் காய்ச்சும்போது கைபேசியை எடுத்து, முதலில் வெறும் பெயரை, அடுத்து மூன்று டபிள்யூவோடு போட்டுப் பார்க்கிறாள். இரண்டும் ஒரே பக்கத்தில்தான் போய் நிற்கின்றன. போன வாரம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "அதான் அண்ணன் வந்துட்டாரே அண்ணி, இன்னும் எதுக்கு?"

பால் பொங்கியது. அடுப்பைத் தணித்தாள்.

"இன்னும் முழுசா வர்லம்மா" என்றாள்.