பொய் வந்த இடத்தில் ஒரு சூடு

ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, ஆறுவதற்குள் கையில் வைத்தால் எப்படிச் சுடும் என்று தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பள்ளியில் என் பக்கத்து மேசைக்காரி அதை வைத்துத்தான் கட்டுரை திருத்தினாள்.

மலேசியாவில், பெடாசுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் கொஞ்சம் பேர்தான். கட்டுரையை வாத்தியாரிடம் கொடுக்கும் முன், ஓய்வு நேரத்தில் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்ட பழக்கம். நான் வாசிப்பேன். அவள் தலையைக் குனிந்தபடி கொட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். எங்கே பொய் வருகிறதோ அங்கே என் இடது கையில் சுரீரென்று ஒரு சூடு விழும். "அடிப்பாவி!" என்று அலறுவேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை, அவள் வாசிக்கும்போது தேய்த்து வைப்பேன். அவளோ கையை இழுத்துக்கொள்ளவே மாட்டாள். "ஆமாடி, அது சும்மா அழகுக்கு எழுதுனது லா" என்று அங்கேயே அழித்துவிடுவாள். அந்தத் தைரியம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

ஒருமுறை 'என் தந்தை' என்று தலைப்பு. மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை உருவிப் போட்டிருந்தேன்: "வேலை முடிந்து வீடு திரும்பியதும் என் தந்தை என்னை அன்போடு கட்டி அணைத்து உச்சி முகர்வார்." வாசித்து முடிக்கவில்லை, கை பொத்துப்போகிற மாதிரி சூடு வைத்தாள். "ஒங்கப்பாவா? உச்சி மோந்தாரா? பால் வாளிய எங்க வச்சிட்டு மோந்தாரு?" சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காத. ஒங்கப்பா வீட்டுக்கு வந்தா என்னதான் செய்வாரு? அத எழுது."

அப்பா கிட்டே விட மாட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போது சட்டையெல்லாம் பால் காய்ந்து நாறும். "தள்ளிப் போ, நாத்தம்" என்பார். குளித்த பிறகும் பேச்சு கிடையாது. என் செருப்பு வார் அறுந்திருந்தால் மட்டும் நான் பார்க்காத நேரம் எடுத்துத் தைத்து வைத்திருப்பார். அதை எழுதினேன். வாத்தியார் வகுப்பில் உரக்க வாசித்தார். என்னை எழுத வைத்தது அந்தச் சூடுதான். இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

அப்புறம் ரெம்பாவில் இடைநிலைப்பள்ளி, ஆளுக்கொரு வகுப்பு. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், அவள் நின்று தொழிற்சாலைக்குப் போனாள். நான் படித்து ஆசிரியையாகி சிரம்பானில் குடியேறினேன். தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். எங்களுக்குள் சண்டையா சச்சரவா, ஒன்றுமில்லை. தானாக விட்டுப்போயிற்று. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசப் போயிருப்பேன்.

இப்போது என் கதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. கடைசிக் கதை, போன வருடம் இறந்துபோன அப்பாவைப் பற்றியது. அதில் எங்கோ பொய் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. எழுத்தாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அருமை", "கண்கலங்கினேன்", பூங்கொத்து, கூப்பிய கைகள். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை, அதுதான் அங்கே மரியாதை. நானும் அப்படித்தான் பூங்கொத்து அனுப்புகிறேன். ஆனால் அப்பாவைப் பொய்யோடு அச்சேற்ற மனசு வரவில்லை. ஒரு சனிக்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் பெடாசுக்குக் கிளம்பினேன்.

"வாங்க டீச்சர்" என்றாள் வாசலிலேயே. ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது, அவளும் கூப்பிட்டாள். அலமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்துக் கழுவி மைலோ கலக்கினாள். தட்டு நிறைய முறுக்கு வைத்தாள். கதையை வாசித்தேன். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கு வந்த பெற்றோர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். விரல் ஒன்றும் அசையவில்லை. கதையில் இல்லாத ஒரு வரியை நடுவில் சேர்த்து வாசித்தேன்: "வேலை முடிந்து வீடு திரும்பியதும் அப்பா என்னை அன்போடு கட்டி அணைத்து உச்சி முகர்வார்."

நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க டீச்சர்" என்றாள். "ஒங்கப்பாவுக்கு ஒங்க மேல உயிராச்சே."

"எங்கடி பொய் வருது, சொல்லு. ஒன்னையத்தான் நம்பி வந்திருக்கேன்."

"ஐயோ, நீங்க எவ்ளோ பெரிய ஆளு. நாங்க என்னத்தச் சொல்றது லா?"

என்ன நினைத்தேனோ, சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை மேசைக்குக் குறுக்கே அவளிடம் நீட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க டீச்சர், வீட்டுல சுட்டதுதான்."

வேறென்ன செய்ய, வாங்கித் தின்றேன்.