போன வாரமே வந்திருந்தால்

கண் வைத்தியத்தில் ஒரு சங்கடம் உண்டு: பல்வலி என்றால் கதவு திறக்குமுன் வந்து நிற்கிற ஜனம், வலிக்காமல் போய்க்கொண்டிருக்கும் பார்வைக்கு வருவதில்லை. துறையூர் பக்கம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகக் கண் பிரிவை நடத்துகிறேன். நடத்துவது என்றால் பவர் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, கெஞ்சுவது எல்லாம் நான்தான். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். என்னைப் போல ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

ஏறாத மருந்து

தங்கராசு தொட்டியத்தில் வாழை போட்டிருப்பவர். கண்ணில் பிரஷர் அதிகமாகி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து, ஆயுசுக்கும் விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். அவர் மனைவியிடமும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நேரே நீட்டிய விரல் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மனைவி தெரியவில்லை. வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்புகளில் இடித்து நெற்றியெல்லாம் காயம். மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு மாசம் விட்டுப் பார்த்தேங்க. பார்வை ஒண்ணும் ஏறல. ஏறாத மருந்தை எதுக்கு விடணும்னு நிறுத்திட்டேன்."

மனப்பாடம்

மினி பஸ் டிரைவர் ஒருவர் லைசென்ஸ் புதுப்பிக்கச் சர்டிஃபிகேட் கேட்டு வந்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். ரொம்ப வேகமாக வாசித்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் இருக்கும் வேறு எழுத்துகளைக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர்கள் படித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போக ஆஸ்பத்திரி வாசலில் மினி பஸ்ஸுக்குக் கை காட்டினேன். என்னைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. ஸ்டியரிங்கில் அவர். "நீங்களா?" என்ற என் குரல் கேட்டதும் சிரித்தார்: "வேற இடத்துல கையெழுத்து வாங்கிட்டேன் மேடம். பயப்படாம ஏறுங்க, பன்னெண்டு வருஷமா ஓட்டுற ரோடு."

ராப்பத்து முடியட்டும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே இருப்பவர் சடகோபன் மாமா. கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். முப்பது வருட சர்க்கரை. ஒரு செவ்வாய்க்கிழமை என்னுடன் பஸ்ஸில் அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். விழித்திரையில் கசிவு, உடனே லேசர் வேண்டும் என்றார். ஊர் திரும்பும் வழியில் மாமா, "மார்கழி வரதும்மா, பகல்பத்து ராப்பத்து முடியட்டும்" என்றார். பாசுரம் பாடும் அந்த இருபது நாள் உற்சவத்துக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவர். நான் வற்புறுத்தவில்லை. "சீக்கிரம் பண்ணிக்கறது நல்லது மாமா" என்று மட்டும் சொன்னேன்.

ராப்பத்து ஏழாம் நாள் காலையில் எங்கள் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். வலது கண்ணுக்குள் மசி கொட்டினமாதிரி இருக்கிறது என்றார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. திருச்சியில் பெரிய ஆபரேஷன் செய்தும் அந்தக் கண் திரும்பவில்லை. பிறகு ஒருநாள், குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் கேட்டார்: "பண்ணிக்கறது நல்லதுன்னுதானேம்மா சொன்னே. பண்ணிக்கலேன்னா போயிடும்னு சொல்லலையே."

சோளத் தோகை

அதற்குப் பிறகு எல்லோரிடமும் "போயிடும்" என்றே சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லவும் ஆள் முன்னால் வந்து உட்கார வேண்டுமே. செல்வி வந்து உட்கார்ந்தது கண்ணில் அடிபட்ட ஆறாம் நாள். சோளக்காட்டில் களை எடுக்கும்போது தோகை கண்ணில் கீறிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்கி விட்டிருக்கிறார். எரிச்சலை அடக்கிவிட்டு, உள்ளே புண்ணை வளர்க்கும் மருந்து அது. கருவிழி சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. அன்றைக்கே வேன் பிடித்துத் திருச்சிக்கு அனுப்பினோம். பலன் இல்லை.

அடுத்த மாதம், மிச்சமிருக்கும் கண்ணைச் சோதிக்க வந்தார். காலிப் புட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முப்பத்திரண்டு வயது. நான் புட்டியின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "இதை விட்ட அன்னைக்கே உறுத்தல் நின்னுடுச்சு மேடம். நல்ல மருந்துன்னுதான் நினைச்சேன்."

பதினாறு வருடத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பார்வை போன பிறகுதான் ஜனங்களின் கண்ணில் எங்கள் ஆஸ்பத்திரி படுகிறது.