மஞ்சள் காரில் நாலே இடம்

அந்தக் காருக்குக் கண்ணிமை இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் மூக்கின் மேல் இரண்டு மூடிகள் எழும்பும், விளக்குகள் விழித்துக்கொள்ளும். மறுபடி அமுக்கினால் தூங்கிவிடும். நிறம் மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, குளித்து எழுந்த முகத்தில் இன்னும் காயாத மஞ்சள். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பள்ளத்தூரில் எங்கள் தெருமுனையில் அது திரும்பிய அன்று, எதிரே வந்த காரைக்குடி பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம்.

ஆள் இருந்தார்கள். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்; அப்பச்சியின் அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பச்சி, பக்கத்தில் பெரியம்மா. மலேசியாவில் இருபது வருடம் வியாபாரம் பார்த்துவிட்டு மெட்ராசுக்கே வந்துவிட்டவர்கள். கப்பலில் காரையும் கொண்டுவந்திருந்தார்கள். ஐம்பது வயதில் அந்தக் காரிலிருந்து பெரியப்பச்சி இறங்குவது ஒரு சடங்கு. முதலில் ஒரு கால். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு முருகன் பெயர். அதற்கப்புறம்தான் மறுகால். பெரியம்மாவோ மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். டிக்கியில் இடமில்லையாம். மெட்ராசிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

எதற்கு வந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் ஆட்களில் பிள்ளை இல்லாதவர்கள், பங்காளி வீட்டு ஆண்பிள்ளை ஒருவனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். நல்ல நாள் பார்த்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, மாலை போட்டுச் செய்வது. அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் அதன்பின் அவனுக்குச் சித்தி. என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ஒரு வாரம் தங்கி, அவன் தங்களோடு ஒட்டுகிறானா என்று பார்த்து, ஒட்டினால் நாள் குறிப்பது என்று கடிதத்திலேயே பேச்சு. அண்ணன் கேட்டு இல்லையென்று சொல்ல அப்பச்சிக்குத் தெரியாது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆக வேண்டியிருந்தது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கார்.

கார், கார், கார். சோற்றைப் பிசைந்தால் அதன் மஞ்சள், கண்ணை மூடினால் அதன் கண். வந்த அன்றே எங்கள் இருவரையும் பின்னால் ஏற்றிப் பார்த்தார்கள். முன்சீட்டை மடக்கி, தலை குனிந்து, நுழைந்து விழ வேண்டும். பின்சீட்டு என்பது பெயருக்குத்தான், இரண்டு குழிகள். குழிக்குள் உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்தது வானமும் பெரியப்பச்சியின் வழுக்கையும். தம்பிக்கு வழுக்கைகூடத் தெரியவில்லை. “இருட்டா இருக்கு” என்றான் பகல் பன்னிரண்டு மணிக்கு.

பெரியம்மா சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரண்டு நாற்காலிகள். கால் இல்லை, முதுகு இல்லை, கை மட்டும் இருந்தது. சீட்டின் மேல் வைத்து, அதன் மேல் பிள்ளையை வைத்து, காரின் பெல்ட்டை இழுத்து மாட்டினால் பிள்ளை உயரும், வெளியே பார்க்கும். பூஸ்டர் சீட் என்றார். மலேசியாவில் எல்லாப் பிள்ளைகளும் இதில்தான் போகுமாம்.

கூட்டிக்கொள்ளப் போவது ஒரு பிள்ளை. ஒரு சீட் போதும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எந்தச் சாமானையும் ஒற்றையாக வாங்கிப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டுச் சாமான் அறையில் ஒரே மாதிரி டிபன் கேரியர் பன்னிரண்டு இருந்தது, ஒன்றைக்கூடத் திறந்து நான் பார்த்ததில்லை. ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர் என்றால் எங்கள் பெண்களுக்கு வாங்கக் கை வராது. ஆகவே கடையில் நின்ற பெரியம்மாவின் வாய், அவர் மனம் யோசிப்பதற்குள், ரெண்டு குடுங்க என்று சொல்லிவிட்டது.

அந்த இரண்டாவது சீட்டை நான் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை; எடுத்துக்கொண்டேன். கூடத்தில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் அன்று சாப்பிட்டேன்.

பொருத்துவதில் வந்தது வம்பு. பெரியப்பச்சியும் அப்பச்சியுமாக, தலை காருக்குள், வேட்டி வெளியே என்று ஒரு பகல் முழுக்கப் போராடினார்கள். பாங்கியில் குமாஸ்தாவாக இருந்த அப்பச்சிக்கு ஸ்டாப்ளரில் பின் போடுவதற்கு மேல் இயந்திர ஞானம் கிடையாது. ஒரு சீட்டை வைத்தால் கச்சிதமாக உட்காரும். இரண்டாவதை வைத்தால் முதலாவது எழும்பும். இரண்டையும் அமுக்கினால் பெல்ட்டின் கொக்கி காணாமல் போகும். கொக்கி இரண்டு குழிக்கும் நடுவில் இருந்தது, சீட்டுகளின் கைகள் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் காலையில் காரைக்குடியிலிருந்து குஷன் கடைக்காரரை வரவழைத்தார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் சீட்டுத் தைக்கிறவர். மொபெட்டை நிறுத்திவிட்டுக் காரை மூன்று சுற்று சுற்றினார்.

“ஏங்கய்யா, ஊரெல்லாம் வண்டிய நீட்டுனா ஆளை ஏத்துறதுக்கு நீட்டுவான். இவன் என்ன, ஆளைப் படுக்கப்போடுறதுக்குல்ல நீட்டியிருக்கான்!”

“வேகமாப் போற வண்டிப்பா இது” என்றார் பெரியப்பச்சி, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

“நம்ம ரோட்டுலயா?”

உள்ளே நுழைந்தார். முழங்கையால் அளந்தார். வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “ஒன்னு போதும்னா இப்பவே மாட்டிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவேன். ரெண்டுன்னா கையும் கையும் மல்லுக்கு நிக்குது பாருங்க.”

“ஒன்னு போதும்ப்பா. பையனுக்கு மட்டும் வையி” என்றார் பெரியப்பச்சி.

நான் தரையில் விழுந்தேன். அழுகையில் நான் தேர்ந்தவள். சாதகம் செய்து வளர்த்த குரல். பெரியம்மா ஓடிவந்து தூக்கினார். “நீ பெரிய பிள்ளையில்ல? முன்னால என் மடியில உக்காந்து வா.” மடி வேண்டாம், சீட்டு வேண்டும் என்று கீழ்க்காலத்திலிருந்து மேல்காலத்துக்கு ஏறினேன். எதிர்வீட்டு நாய் கூடச் சேர்ந்துகொண்டது.

அப்போது அம்மா வாசலுக்கு வந்தாள். கையில் அரைத்த மசாலா ஈரம். பெரியப்பச்சி முன்னால் அம்மா நின்று பேசி நான் கண்டதில்லை. அன்றைக்கும் அவரிடம் பேசவில்லை. பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“ஆச்சி, வச்சா ரெண்டையும் வைக்கச் சொல்லுங்க. இல்லையின்னா ஒன்னும் வேணாம். எம் பிள்ளைக ஒன்னா ஏறும், ஒன்னா இறங்கும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நாய்கூட நிறுத்திவிட்டது.

பெண்பிள்ளைக்கும் சரிசமமாக இடம் கேட்டு நின்ற என் அம்மா! இதைக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் உருக்கமாகச் சொல்லி முதல் பரிசு வாங்கினேன். கோப்பையோடு வீட்டுக்கு வந்து பேச்சை மறுபடி நடித்துக் காட்டியபோதுதான் அம்மா சிரிக்கச் சிரிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்து, உள்ளது உள்ளபடி சொன்னாள். தம்பியைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோக முடியாதபடி என்னை அவனுக்கு ஆணியாக அடித்து அனுப்பியிருக்கிறாள். கோப்பையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குஷன் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். காரைச் செதுக்கலாமா என்று அவர் கேட்டதும் பெரியப்பச்சி கதவின் குறுக்கே நின்றுகொண்டார். கடைசியில் சீட்டுகளைத்தான் அறுத்தார்கள். ஒன்றின் வலக்கை, இன்னொன்றின் இடக்கை. பிளாஸ்டிக் பொடி வெள்ளை வெளேரென்று கொட்டியது. தம்பி அள்ளி, உப்பு என்று நாக்கில் வைத்து, துப்பினான். கை போன இடத்தில் பஸ் சீட்டு ரெக்சினில் வளையம் தைத்து, பெல்ட்டை அதற்குள் விட்டு இழுத்தார். இழுத்த இழுப்பில் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் கொக்கி தலை நீட்டியது.

“இனி யானை இழுத்தாலும் வராது” என்றார். “பிள்ளைகளை இறக்கணும்னா சொல்லியனுப்புங்க, நானே வாரேன்.”

நாலு மணிக்கு ஊர்வலம். அம்மா எங்களுக்குத் தலை சீவிவிட்டாள். தம்பிக்குச் சீவி முடித்துவிட்டு, கலைத்துவிட்டு, மறுபடி சீவினாள். என் காதருகே குனிந்து, “தம்பி கைய விடாத. எங்க இறங்குனாலும் விடாத” என்றாள். உத்தரவு வந்தால் நிறைவேற்றுகிற பிள்ளை நான். அவன் கை வியர்த்து வழுக்கியும் விடவில்லை.

அந்த உயரம்! அதை எப்படிச் சொல்ல? வேலி ஓடியது, வேலிக்குப் பின்னால் ஆடு ஓடியது, மதில் ஓடியது, மதிலுக்கு மேல் பனை ஓடியது, நாங்கள் மட்டும் அரசர்கள் மாதிரி அசையாமல் இருந்தோம். வேகமாகப் போகும் வண்டி மாட்டுவண்டிக்குப் பின்னால் போனது. வேகத்தடை வந்தால் பெரியப்பச்சி காரைக் குறுக்கே திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, நண்டு ஏறுவதுபோல் ஏற்றி இறக்குவார். அப்படியும் வயிறு உரசும். உரசும்போதெல்லாம் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். பெரியம்மா சாலையைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி எங்களையே பார்த்து வந்தார். என்னைத்தான் என்று எண்ணி நான் விதவிதமாக முகம் காட்டினேன். இப்போது நினைத்தால், என் முகத்தை விலக்கிவிட்டுப் பார்க்க அவர் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்!

நேமத்தான்பட்டியில் ஒரு கடை முன்னால் நிறுத்தி, பன்னீர் சோடா வாங்கித் தந்தார்கள். காரில் சாய்ந்து நின்று குடித்தோம். நான் ஒரு கையால்தான் குடித்தேன். மறுகை வேலையில் இருந்தது. பெரியம்மா தம்பியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அவன் மோவாயைத் துடைத்தார்.

“எங்ககூட மெட்ராசுக்கு வந்துர்றியாடா ராசா? தெனம் இந்த வண்டியிலதான் பள்ளிக்கூடம்.”

தம்பி யோசித்தான். “கண்ணு தெறக்குற பொத்தானை நான் அமுக்கலாமா?”

“நீதான் அமுக்கணும். வேற யாரு அமுக்குவா?”

“அப்ப வாரேன்.”

பெரியம்மா பெரியப்பச்சியை நிமிர்ந்து பார்த்தார். விளக்கில்லாமலே ஒரு முகம் அப்படி வெளிச்சமாவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியப்பச்சி தொண்டையைச் செருமினார்.

“நானும் வாரேன்” என்றேன். “சீட்டுதான் ரெண்டு இருக்குல்ல.”

“வா வா” என்று சிரித்தார் பெரியம்மா. “ஒன்னைய விட்டுட்டு வந்தா ஊரு தாங்குமா?”

கிளம்புவது முடிவானதும் எனக்கு ஏற்பாடுகளில் கவனம் போயிற்று. கணக்கில் நான் கெட்டி. சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்து எண்ணினேன். பெரியப்பச்சி ஒன்று. பெரியம்மா இரண்டு. தம்பி மூன்று. நான் நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான் வந்தது.

“பெரியப்பச்சி, அம்மாவை எங்க உக்கார வப்பீக? இந்த வண்டியில அம்மாவுக்கு எடமே இல்லையே.”

தம்பி ஒரு ஏப்பம் விட்டுவிட்டுக் கேட்டான். “அம்மா வரலையா?”

“எடமில்லைடா” என்று நான் விளக்கினேன்.

“அப்ப எனக்குப் பொத்தான் வேணாம்.”

பெரியப்பச்சி காரை ஒருமுறை சுற்றி வந்தார், அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல. திரும்பி வந்து என் தலையில் கை வைத்தார். “ஆமாத்தா. நீ சொல்றது சரிதான். எடமில்லதான்” என்றார். எங்களைத் தூக்கி வைத்து, பெல்ட்டை அவரே மாட்டினார். வரும் வழியில் பெரியம்மா பின்னால் திரும்பவே இல்லை. நேரே சாலையைப் பார்த்து வந்தார். கப்பலில் வந்த காரைக் குறை சொல்லிவிட்டேன், கோபம், என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

ஒரு வாரம் என்று வந்தவர்கள் நாலாம் நாளே கிளம்பிவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அப்பச்சிக்கு ஒரு நல்ல பேனா, அம்மாவுக்கு இரண்டு புடவை, இரண்டுதான். பிற்பாடு நாச்சியாபுரத்துப் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். அந்த அண்ணனுக்குப் பதினேழு வயது, ஆறடி உயரம். சீட்டின் மேல் சீட்டுத் தேவைப்படாதவர். முதல் மாதமே காரை ஓட்டிச் சுவரில் முட்டினார். சின்னப் பிள்ளை கேட்டிருந்த பெரியம்மா, தன்னை ஒரு கையால் தூக்கிவிடுகிற பிள்ளையைப் பற்றி ஊர் ஊராகப் பெருமை பேசினார்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். காரை விட்டு இறங்கியதும் தம்பியின் கையை அம்மாவிடம் ஒப்படைத்தேன். அம்மா அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பெரியம்மா வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் அடி குறையும் என்று பின்னாலேயே போனேன்.

“அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பெரியப்பச்சிட்ட வண்டிய நொட்டம் சொல்லிட்டேன்.”

“என்னன்னு சொன்னே?”

“அம்மாவுக்கு எடமே இல்லைன்னு சொன்னேன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அவுக என்ன சொன்னாக?”

“எடமில்லதான்னு சொன்னாக.”

“நீ என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன், குரலைத் தாழ்த்தி. அம்மா முன்னால் குனிந்தாள். “சரியாக் கேக்கல. இன்னொரு தடவ.” மூன்றாம் முறை எனக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு, கன்னத்தைத் தயாராக வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா தம்பியோடு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் வேறெதுவோ செய்துகொண்டிருந்தது. ஒரே தப்பை மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டு ஏன் அடிக்காமல் விடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாலாவது தடவை கேட்டால் சொல்லக் கூடாது என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன்.